மாரித் மாற்றிய கம்பிகள்

ஹால்வர் விமானத்தில் மேலே ஏறி நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை. ரேடியோவில் அவன் குரல் மூச்சிரைக்க வந்தது.

"மூக்கு தூக்கிட்டே போகுது மாரித். ரெண்டு கையாலயும் ஓட்டுற கோலைத் தள்ளிப் பிடிச்சிட்டிருக்கேன்."

மாரித் ரேடியோவும் கையுமாகப் புல் ஓடுபாதையோரம் நின்றாள். பக்கத்துப் பண்ணை கோர்டி, தீயணைப்பு உருளையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தான். பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை ஹால்வரும் அவளும், புருஷனும் பெண்டாட்டியுமாக, அறுவடை எந்திரம் நிற்கிற கொட்டகையில் ஆறு வருஷம் ரிவெட் அடித்துக் கட்டிய விமானம் அது. இன்றுதான் முதல் தடவையாகப் பறக்கிறது.

"டிரிம் போட்டியா?"

"போட்டேன். கீழ அமுக்க அமுக்க மேல தூக்குது. மோட்டாருக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. அதுக்குக் கரண்ட் போற பிரேக்கரைப் பிடுங்கிட்டேன்."

நேற்று கொட்டகையில் செய்தது அவளுக்கு நினைவு வந்தது.

டிரிம் என்பது வால் பலகையின் விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு. கோலின் உச்சியிலுள்ள பொத்தானை அமுக்கினால் சின்ன மோட்டார் ஒன்று அதை அசைக்கும். விமானி கை வலிக்கப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம், அதற்குத்தான். நேற்று அவள் பொத்தானைக் கீழ்ப்பக்கம் அமுக்கினாள்; தகடு மேலே எழும்பியது. மோட்டாரின் கம்பிகளை ஹால்வர் தலைகீழாகப் போட்டிருக்கிறான் என்று நினைத்தாள். அந்த வாரம் அவன் வேலையில் ஏற்கெனவே மூன்று தப்புகளைக் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தாள். மூன்றாவதற்கு ஸ்பேனரைச் சுவரில் வீசிவிட்டு, சாப்பிடக்கூட வராமல் படுத்துவிட்டான். அதனால் நான்காவதை அவள் சொல்லவில்லை. இரண்டு கம்பிகளையும் சத்தமில்லாமல் மாற்றி மூடிவிட்டாள். முந்தாநாளே சோதித்தாயிற்று என்று அவனும் காலையில் பொத்தானைத் தொடவில்லை.

தகடு மேலே போனால் காற்று வால் பலகையைக் கீழே அழுத்தும். பலகை கீழே போனால் மூக்கும் கீழே. அவன் போட்டதுதான் சரி. அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஹால்வர், மோட்டாருக்கு ஒண்ணுமில்ல. பிரேக்கரைத் திரும்பப் போடு. போட்டுட்டுப் பொத்தானை மேல் பக்கம் அமுக்கு."

"மேல் பக்கமா? என்னைக் கொல்லப் பாக்குறியாடி?"

"நேத்து கம்பியை மாத்திட்டேன்."

ரேடியோ கரகரத்தது. கோர்டி அவளைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"நீ தப்பாப் போட்டுட்டேன்னு நெனச்சேன். சொன்னா கத்துவே. அதான் சொல்லாம மாத்தினேன். உன்னுதுதான் சரி. நான்தான் தப்பு பண்ணிட்டேன். மேல அமுக்கு, ஹால்வர்!"

பிரேக்கர் ஹால்வரின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதைத் தொட ஒரு கையை எடுத்தாக வேண்டும். ஒற்றைக் கையால் அந்தக் கோலைப் பிடிக்க முடியுமா? சோளக்காட்டுக்கு மேலே விமானம் மூக்கைச் செங்குத்தாகத் தூக்கியது. ஓட்டம் தளர்ந்தது. ஒரு இறக்கை சரிந்தது. அவள் ரேடியோவில் அவன் பேரைச் சொல்லிக் கதறினாள்.

"ரேடியோ பொத்தானை அமுக்காமலே கத்துறே, மாரித்," என்றான் கோர்டி.

விமானம் சோளக்கதிர்களுக்குப் பின்னால் விழுந்து மறைந்தது. கோர்டி வண்டியைக் கிளப்பினான். அப்போது கதிர்களை உரசுகிற உயரத்தில் அது மறுபடி வெளியே வந்தது, மட்டமாக; அவன் பொத்தானை மேல் பக்கம் அமுக்கிவிட்டான்.

இறங்கியபோது தரையில் இரண்டு தடவை மோதியது. ஒரு சக்கரத்தின் கால் மடங்கிற்று. புரொப்பெல்லர் புல்லைக் கிளறி வளைந்து நின்றது. அவள் ஓடிப்போய் கண்ணாடி மூடியைத் திறந்தாள். அவன் விரல்கள் விரிய மறுத்தன. இடுப்புப் பட்டையை அவள்தான் அவிழ்த்தாள்.

புல்லில் உட்கார்ந்ததும் அவன் கேட்டான்: "சொல்லவே பயப்படுற அளவுக்கா கத்துறேன்?"

அவள் வாய் திறக்குமுன் கோர்டி முந்திக்கொண்டான். "எங்க வீடு வரைக்கும் கேக்கும்பா."

யாரும் சிரிக்கவில்லை. ஹால்வர் அவள் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதான். அவள் அவன் கைகளைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.