நெபுலா எந்த நிறம்?

ரயில் டிப்போவில் அவரை எல்லோரும் 'கடிகாரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாக வண்டி ஓட்டுகிறார். ஒரு நாள்கூட ஒரு நிமிடம் பிந்தி வந்ததில்லை, காய்ச்சல் என்று படுத்ததுமில்லை. அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை காலையில் மேற்பார்வையாளருக்குப் போன் செய்து, "வியாழக்கிழமை வரைக்கும் லீவு வேணும்" என்றபோது, அந்தப் பக்கத்திலிருந்தவர், "யாருங்க பேசறது?" என்று கேட்டுவிட்டார்.

எல்லாம் சனிக்கிழமை வந்த டெலஸ்கோப்பால் வந்த வினை.

பல வருட ஆசை அது. டெலஸ்கோப், அதைத் தாங்கி வானத்தோடு கூடவே மெல்லத் திரும்பும் மோட்டார் வைத்த முக்காலி, படம் எடுக்க ஒரு கேமரா என்று மூன்று பெட்டிகள் வந்தன. பெரிய பெட்டியின் மேல் ஓரியன் நெபுலாவின் படம்: தணலை ஊதிவிட்டாற்போல் சிவந்து விரிந்த விண்வெளி மேகம். அன்று பொழுது சாய்ந்ததுமே மனிதர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். கேமராவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சொந்தக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அரை மணி நேரம் தடுமாறி நெபுலாவைப் பிடித்தார். கண்ணை வைத்தவருக்குப் பகீரென்றது. சிவப்பே இல்லை. கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அந்த மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு புகை மட்டும் தெரிந்தது.

துடைத்துப் பார்த்தார். அடுத்த கண்ணால் பார்த்தார். புகைதான்.

கீழே குரல் கொடுத்து மனைவியைக் கூப்பிட்டார். அவர் மருந்துக்கடையில் வேலை செய்பவர். அன்று முழுக்க நின்ற காலோடு வீடு திரும்பியிருந்தார்.

"பாரேன். என்ன நிறம் தெரியுது?"

மனைவி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது கணவரின் முகம் பேயறைந்தாற்போல் இருந்தது. ஆசை ஆசையாய் வாங்கியது, மனம் நொந்துபோவாரே என்று தோன்றியது.

"அடேயப்பா! நல்ல சிவப்புங்க! பெட்டியில போட்டிருக்கிற மாதிரியே இருக்கே!" என்றார்.

அவ்வளவுதான். கடிகாரத்துக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. அவளுக்குத் தெரிகிற சிவப்பு எனக்குத் தெரியவில்லை என்றால் கோளாறு எங்கே இருக்கிறது? ஒரு ரயில் ஓட்டுநருக்குச் சிவப்பு தெரியவில்லை என்றால் அப்புறம் என்ன மிச்சம்? போன வருடம்தான் கூட வேலை பார்த்த ஒருவரை, நிறச் சோதனையில் தவறினார் என்று டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்திருந்தார்கள். வருகிற வியாழக்கிழமை இவருக்கும் அதே சோதனை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓட்டும்போது ஒவ்வொரு சிவப்பு சிக்னலும் சிவப்பாகத்தான் தெரிந்தது. ஆனாலும், 'போன வாரச் சிவப்பு இதுதானா, கொஞ்சம் வெளுத்திருக்கிறதா?' என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. வீட்டில் ஒரு தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "அது அழுகலையே, நல்லாத்தானே இருக்கு?" என்றார் மனைவி. அவர் தக்காளியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

பின்னால் எட்டுப் பெட்டி ஜனம் உட்கார்ந்திருக்கும்போது சந்தேகத்தோடு வண்டியைத் தொடுவது பாவம் என்று முடிவு செய்துதான் லீவு சொன்னார். மனைவியிடம் முதுகுவலி என்று சொல்லிவைத்தார்.

திங்கட்கிழமை மாலை மனைவி வேலையிலிருந்து வந்தபோது, முதுகுவலிக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்படி இடிஞ்சுபோய் உக்காரறதுக்கு அந்தக் கேமராவையாவது மாட்டுங்களேன். வானம் பளிச்சுன்னு இருக்கு."

வேண்டா வெறுப்பாக மாடி ஏறினார். கேமராவை மாட்டி, கம்பியை லேப்டாப்பில் செருகினார். திரையில் நட்சத்திரங்கள் அப்பளம் அப்பளமாய் வந்தன. எவ்வளவு திருகியும் கூர்மை வரவில்லை.

"உங்களுக்கு எதையும் படிச்சுப் பாக்கிற வழக்கமே கிடையாது" என்று மனைவி கையேட்டைப் பிரித்தார். மாத்திரை அட்டையோடு வருகிற பொடி எழுத்துச் சீட்டைக்கூட விடாமல் வாசிக்கிறவர் அவர். "கேமராவுக்கு முன்னால ஒரு குழாய் மாட்டணுமாம். எங்கே அது?"

பெட்டியின் அடியில் பஞ்சுக்குள் பத்திரமாக இருந்தது. அதை மாட்டியதும் நட்சத்திரங்கள் ஊசிமுனையாகச் சுருங்கின. கேமரா அரை நிமிடத்துக்கு ஒரு படமாக எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்க்கத் தொடங்கியது. முதலில் மங்கலாக ஏதோ தெரிந்தது. நாலைந்து படம் சேர்ந்ததும் ஓரத்தில் ஒரு ரோஜாச் சாயல். இருபதாவது படத்தில் திரை முழுக்கச் சிவந்துவிட்டது.

கடிகாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இது... சிவப்புதானே?"

"சிவப்பேதான்! அப்பாடா, இப்பவாவது தெரிஞ்சுதே!"

"இப்பவாவதா? அன்னைக்கே பாத்தேன்னு சொன்னே?"

மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டார். "இல்லைங்க... அன்னைக்கு எனக்கு ஏதோ புகை மாதிரிதான் தெரிஞ்சுது. நீங்க நின்ன நிலையைப் பாத்து, மனசு கேக்காம அப்படிச் சொல்லிட்டேன்."

"உனக்கும் புகைதானா? சாம்பல் நிறத்திலயா?"

"ஆமாங்க. இதோ, இதுலயே போட்டிருக்கே." கையேட்டில் விரலை வைத்து வாசித்தார். "நெபுலாவின் வெளிச்சம் ரொம்பக் குறைவு, டெலஸ்கோப்பில் கண்ணால் பார்த்தால் சாம்பலாகத்தான் தெரியும். கேமரா வெளிச்சத்தைச் சேர்த்து வைப்பதால்தான் நிறம் வருகிறது."

கடிகாரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூன்று நாளாக உள்ளே போட்டுப் பூட்டி வைத்திருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார்: சிக்னல், தக்காளி, டிக்கெட் கவுண்டர், பொய் முதுகுவலி.

மனைவிக்குக் கோபம் வந்தது. "இவ்வளவையும் வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன? நான் என்ன மூணாம் மனுஷியா?" என்றார். பிறகு குரல் தணிந்து, "நானும் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கக் கூடாது" என்றபடி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் லீவை ரத்து செய்யாமல் நன்றாகத் தூங்கினார். வியாழக்கிழமை பரிசோதனை அறையில், வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தை டாக்டர் நீட்டினார். கடிகாரம் எண்களைக் கடகடவென்று படித்துக்கொண்டே போனார்.

"கொஞ்சம் பொறுங்க சார், நான் பக்கத்தைத் திருப்ப வேண்டாமா?" என்றார் டாக்டர்.

கையெழுத்திட்ட தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், மருந்துக்கடைக்குப் போன் போட்டார். "பாஸ்!" என்றார். அந்தப் பக்கத்தில் மனைவி கடையென்றும் பாராமல் சத்தமாகச் சிரித்தது மட்டும் நன்றாகக் கேட்டது.