பதறிவிட்டாளாம்

காலை ஆறு மணிக்கே மார்லிஸ் வோத் தன் காரிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புல்வெளியில் எறிந்துகொண்டிருந்தாள். குடை, தண்ணீர் பாட்டில், பழைய பூட்ஸ், கால் மிதிகள், இருக்கைக்கு அடியில் கிடந்த ஒரு முழு வருடக் குப்பை. எதையும் எடுத்து வைக்கவில்லை, எறிந்தாள்.

வாசற்படியில் காபிக் கோப்பையோடு நின்ற அவள் கணவன் வெர்லின் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அந்தக் குடை உனக்கு என்ன பாவம் பண்ணிச்சு?"

"காருக்குள்ள ஒரு துரும்புகூட உருளக் கூடாது. காகிதத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"நாப்பத்தெட்டு வயசுல கார்ப் பந்தயம். சர்ச்சுல கேட்டா நான் என்ன சொல்றது?"

"பந்தயம் இல்ல வெர்லின். காலி மைதானத்துல, ரோட்டுல வெக்கிற பிளாஸ்டிக் கூம்பு மாதிரி கோன் நட்டு வெச்சு, ஒவ்வொரு காரா வளைச்சு ஓட்டுறது. ஆட்டோகிராஸ். நூறு தடவை சொல்லிட்டேன்."

"கோபமா இருக்கப்ப வண்டி ஓட்ட வேண்டாம்னுதான் சொல்றேன்."

"கோபம் போனாத்தான் ஓட்டணும்னா இந்த ஜென்மத்துல முடியாது."

வெர்லின் உள்ளே போய்விட்டான். சண்டை பிடிக்கத் தெரியாத மனிதன். அவள் கோபத்தில் பாதி அவன்மேல்தான் என்பது அவனுக்கும் தெரியும்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் பிப்ரவரியில் நடந்தது. மார்லிஸ் பத்தொன்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கன்சாஸின் அந்தப் பகுதியில் கோதுமை வயல்களுக்கு நடுவே கோடு போட்டதுபோல் போகும் மண்சாலைகளில் அவளுக்குத் தெரியாத குழி கிடையாது. அன்று காலை சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி படர்ந்திருந்தது. வளைவில் பேருந்து வழுக்கியது. எதிரே தானிய லாரி வந்தது. உள்ளே இருபத்து மூன்று பிள்ளைகள். பேருந்து வலப்பக்கப் பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்து நின்றது. ஒரு பிள்ளைக்கு ஆடிக்கொண்டிருந்த பால்பல் விழுந்தது. வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அந்தப் பேருந்தின் முன்சக்கர டயர்கள் வழுக்கையாகிவிட்டன என்று அதற்கு முன்பே மூன்று முறை சீட்டெழுதிப் பணிமனைப் பெட்டியில் போட்டிருந்தாள். விபத்து அறிக்கையில் டயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'ஓட்டுநர் பதறி வாகனத்தைப் பள்ளத்தில் விட்டார்' என்று இருந்தது. கீழே பணிமனை மேலாளர் ராய்ஸ் டில்மனின் கையெழுத்து. பத்து நாளில் வேலை போயிற்று.

அதைக்கூடத் தாங்கியிருப்பாள். அன்று சாயங்காலம் வெர்லின் அவள் தோளைத் தொட்டு, "யாரா இருந்தாலும் அந்த நேரத்துல பதறத்தான் செய்வாங்க, மார்லி," என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். அந்த ஆறுதல் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்து, எடுக்க எடுக்க உள்ளே போனது. மூன்று மாதம் கழித்து, ராத்திரி பகல் யோசித்து யோசித்து, அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை பதறித்தான் விட்டேனோ? அந்தச் சந்தேகத்தை விதைத்ததற்காகத்தான் ராய்ஸின் கழுத்தை நெரிக்கலாம்போல் இருந்தது.

மளிகைக் கடைப் பலகையில் அந்த மஞ்சள் காகிதத்தைப் பார்த்தது அப்போதுதான். 'வண்டி வழுக்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? வந்து தெரிந்துகொள்ளுங்கள்.' கீழே முதல் முறை வருபவர்களுக்கான குறிப்புகள்: சக்கர நட்டுகளை முறுக்குக. டயரில் காற்றைச் சரிபார்க்க. பேட்டரி ஆடக் கூடாது. தலைக்கவசம் இரவல் கிடைக்கும். மூடிய ஷூ அணிக. கதவில் எண் ஒட்டுக.

எல்லாம் செய்தாள். நட்டுகளை இரண்டு முறை முறுக்கினாள். பெயிண்டர்கள் ஒட்டும் நீல டேப்பைக் கிழித்துக் கதவில் 71 என்று ஒட்டினாள். அதில் 1 கோணலாக நின்றது. அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

மைதானம் பழைய விமானத் தளம். சிமெண்ட் தரை கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாகக் கிடந்தது. காற்று தள்ளிய தள்ளில் கார்க் கதவைத் திறப்பதே பெரும்பாடு. ஐம்பது கார்கள் வரிசையில் நின்றன, வண்டிப் பரிசோதனைக்கு. மார்லிஸின் முறை வந்தது. ஆரஞ்சு நிற மேலங்கி, கையில் அட்டை, குனிந்த தலை. தலை நிமிர்ந்தது.

ராய்ஸ் டில்மன்.



"மார்லிஸ்," என்றான் அவன். "நீ இதுக்கெல்லாம் வருவியா?"

"நீங்க இங்க இருப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே வந்திருப்பேன்."

அவன் குனிந்து சக்கரங்களை ஆட்டிப் பார்த்தான். பிரேக்கை மிதிக்கச் சொன்னான். பிறகு முன்மூடியைத் தூக்கி, பேட்டரியைப் பிடித்து உலுக்கினான். அது ஆடியது. துருப்பிடித்துப் போன பட்டைக்குப் பதிலாக, இரண்டு வருடம் முன்பு வெர்லின் ஒரு ரப்பர் கயிற்றால் கட்டியிருந்தான். குறிப்பைப் படித்தவள் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தாள்.

"இது செல்லாது," என்றான் ராய்ஸ். "வேகமா திரும்பினா பிச்சுக்கிட்டுப் பறக்கும். சரி பண்ணிட்டு வா. இல்லன்னா ஓட்ட முடியாது."

அவன் சொன்னது சரி. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நல்ல கண்ணு உங்களுக்கு," என்றாள். குரல் உயர்ந்தது, அவள் அடக்கவில்லை. "ஒரு ரப்பர் கயிறு தெரியுது. ஆனா பிப்ரவரியில என் முன்சக்கரம் தெரியலயே! மூணு தடவை எழுதிப் போட்டேனே, படிச்சீங்களா? இல்ல காபிக் கோப்பைக்கு அடியில வெச்சுக்கிட்டீங்களா?"

பின்னால் நின்றவர்கள் கார்க் கண்ணாடிகளை இறக்கினார்கள்.

"அது வேற விஷயம். இங்க பேசற எடம் இல்ல."

"எங்க பேசணும்? அறிக்கையிலயா? அதுல நீ மட்டும்தானே பேசின!"

ராய்ஸின் கழுத்து சிவந்தது. அட்டையில் 'தகுதி இல்லை' என்று குறித்து அவளிடம் நீட்டினான். "ஒன்பது மணிக்குள்ள சரி பண்ணு. அடுத்த வண்டி!"

அவள் ஓரமாகக் காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். அப்போது கண்ணாடியை யாரோ தட்டினார்கள். குட்டையான பெண், இருபத்துநாலு இருபத்தைந்து வயது, கையில் ஒரு டப்பா.

"நான் இனெஸ். புதுசா வர்றவங்களுக்குப் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கிறது நான்தான். நீங்க போட்ட சத்தம் கழிப்பறை வரைக்கும் கேட்டுச்சு." டப்பாவைக் குலுக்கினாள். "நீளக் கொக்கி ஆணி ரெண்டு இருக்கு. ஒரு மரத்துண்டும் இருக்கு. பேட்டரியக் கட்டிரலாம். கோபத்த அப்புறம் கட்டலாம்."

மார்லிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் இறங்கினாள். கால் மணி நேரத்தில் பேட்டரி பாறை மாதிரி நின்றது. ராய்ஸ் மறுபடி உலுக்கிப் பார்த்து, அட்டையில் கையெழுத்துப் போட்டான்.

பாதையை முதலில் எல்லாரும் நடந்து பார்க்க வேண்டும். ஆரஞ்சுக் கோன்கள் கடலில் மிதக்கும் தொப்பிகள்போல் எங்கும் நின்றன. எது பாதை, எது வெளி என்றே புரியவில்லை. இனெஸ் பக்கத்தில் நடந்தாள். "கோனப் பாத்தீங்கன்னா கோன்லதான் போய் இடிப்பீங்க. போக வேண்டிய எடத்தப் பாருங்க, கை தானா வரும்."

"பத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டினவ நான்."

"அப்போ உங்களுக்குத் தெரிஞ்சதத்தான் சொல்றேன்."

பாதிப் பேர் ஓட்டும்போது மற்றப் பாதி மைதானத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது அங்கே வழக்கம். மார்லிஸுக்குக் கிடைத்த வேலை, கடைசித் திருப்பத்தில் நின்று விழுந்த கோன்களை நிமிர்த்துவது. ஒவ்வொரு கோனைச் சுற்றியும் சாக்குக் கட்டியால் ஒரு கட்டம். கோன் விழுந்தாலோ கட்டத்துக்கு வெளியே நகர்ந்தாலோ கையிலிருக்கும் வாக்கி-டாக்கியில் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு இரண்டு விநாடி தண்டம்.

முதலில் ஓட்டியவர்களில் ராய்ஸும் ஒருவன். அவன் சிவப்புக் கார் மூன்றாம் சுற்றில் சீறிக்கொண்டு வந்தது. நன்றாகத்தான் ஓட்டினான், அதையும் அவள் மனம் கசந்தபடியே ஒப்புக்கொண்டது. கடைசித் திருப்பத்தில் பின்சக்கரம் ஒரு கோனை உரசியது. கோன் தள்ளாடி, விழாமல், கட்டத்தை விட்டு ஒரு சாண் வெளியே போய் நின்றது.

மார்லிஸ் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தாள். கோட்டுக்கும் கோனுக்கும் நடுவே அவள் உள்ளங்கையை வைத்தாள். வைக்க இடம் இருந்தது. "சிவப்புக் கார், ஒரு கோன்," என்றாள் வாக்கி-டாக்கியில்.

தன் சுற்றுகள் முடிந்ததும் ராய்ஸ் நேராக வந்தான், போட்டியை நடத்தும் ஆர்வலையும் கூட்டிக்கொண்டு. ஆர்வல் பருத்த மனிதர். ஊர்த் தபால் நிலையத்தில் வேலை. வெயிலுக்கு மூக்கில் வெள்ளைக் களிம்பு.

"கோன் கட்டத்துக்குள்ளதான் இருந்துச்சு," என்றான் ராய்ஸ். "இவளுக்கும் எனக்கும் பழைய பகை இருக்கு, ஆர்வல். வேணும்னே சொல்றா. அந்த ரெண்டு செகண்ட் இல்லன்னா என் பிரிவுல நான்தான் முதல்."

மார்லிஸின் காது இரண்டும் கொதித்தன. மறுபடியும் அவன் சொல், அவள் சொல். எது எழுதப்படும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆர்வல் மூக்கைச் சொறிந்தார். "ராய்ஸ், நீ எத்தன வருஷமா வர்ற?"

"பதினோரு வருஷமா."

"அப்போ உனக்கே தெரியும். கோன் பக்கத்துல நிக்கிறவங்க சொல்றதுதான் கணக்கு. ஓட்டுனவன் சொல்றது இல்ல. அந்தம்மா போயி குனிஞ்சு பாத்தாங்க, நானே பாத்தேன். ஒரு கோன். முடிஞ்சது."

"ஆர்வல்..."

"முடிஞ்சதுன்னேன்."

ஆர்வல் போய்விட்டார். அவருக்கு அது ஒன்றுமேயில்லை. இவ்வளவுதானா? பிப்ரவரியிலும் யாராவது குனிந்து பார்த்தவளை நம்பியிருந்தால் போதுமாயிருந்ததா? நிம்மதி வரும் என்று மார்லிஸ் நினைத்தாள். வந்தது முன்னைவிடப் பெரிய கோபம்.

அந்தக் கோபத்தோடுதான் முதல் சுற்று ஓட்டினாள். ஐந்து கோன்கள் பறந்தன. நடுவில் இரண்டு கோன்களுக்கு இடையே நுழைய வேண்டிய ஒரு வாயிலையே விட்டுவிட்டாள். பக்கத்து இருக்கையில் இனெஸ் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "யாரையோ கொல்லப் போற மாதிரி ஓட்டுறீங்க. யாருன்னும் தெரியுது."

இரண்டாம் சுற்றில் அகலமான இடத்திருப்பத்தில் வேகம் மிஞ்சியது. பின்பக்கம் கழன்றதுபோல் வெளியே போனது. டயர்கள் அலறின. உலகம் பக்கவாட்டில் ஓடியது. அந்தக் கணத்தில் மார்லிஸ் தன்னையே பார்த்தாள். கால் பிரேக்கை நெரிக்கவில்லை. எடுத்துவிட்டு, பிறகு தேவையான அளவு மட்டும் அழுத்தியது. கைகள் வழுக்கிய பக்கமே திருப்பின. கண்கள் கோன் கூட்டத்துக்கு இடையே காலியாக இருந்த வெள்ளைச் சிமெண்டைத் தேடி, அங்கேயே நிலைத்தன. கார் அரைச் சுற்று சுற்றி, அந்தக் காலி இடத்தில் போய் நின்றது. ஒரு கோன்கூட விழவில்லை.

இனெஸ் மூச்சை விட்டாள். "அம்மாடி. பயந்தீங்களா?"

"இல்ல." தன் குரல் தனக்கே விநோதமாகக் கேட்டது.

"தெரியுது. புதுசா வர்றவங்க பத்துல ஒன்பது பேரு கண்ண மூடிப்பாங்க, பிரேக்க ஒரே மிதி மிதிப்பாங்க. நீங்க எடம் தேடினீங்க. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

பிப்ரவரி காலை முழுதாகத் திரும்பி வந்தது, மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் கலங்கல் இல்லாமல். இடப்பக்கம் லாரி. நேரே மின்கம்பம். வலப்பக்கம் பள்ளம், அதில் பனி மூடிய மென்மையான புல். அவள்தான் பார்த்தாள். அவள்தான் தேர்ந்தெடுத்தாள். பேருந்து பள்ளத்தில் விழவில்லை, அவள் இறக்கினாள்.

ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதாள். பின்னால் யாரோ கொடி அசைத்தார்கள், ஓட்டு ஓட்டு என்று.

மற்ற இரண்டு சுற்றுகளும் சுத்தமாக ஓட்டினாள். புதியவர்கள் ஒன்பது பேரில் ஆறாவது இடம். அதைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை.

எல்லாரும் கோன்களை அடுக்கி வண்டியில் ஏற்றும்போது ராய்ஸைத் தேடிப் போனாள். அவன் காரின் பின்னால் உட்கார்ந்து முட்டைக்கோஸும் மாட்டிறைச்சியும் அடைத்த பீராக் பன்னைத் தின்றுகொண்டிருந்தான்.

"நான் பதறல," என்றாள்.

அவன் மென்றான்.

"அந்தப் பள்ளத்த நான் பாத்துத்தான் எறக்கினேன். உனக்கும் அது தெரியும். சக்கரத் தடத்த நீ பாத்த. பாத்துட்டுத்தான் எழுதின."

"டயருக்கு நவம்பர்லயே மேலிடத்துக்கு எழுதிப் போட்டேன்," என்றான் ராய்ஸ், தரையைப் பார்த்து. "அடுத்த வருஷம் பாக்கலாம்னாங்க. விபத்து ஆனப்புறம், டயர்னு எழுதினா என் தலை உருளும்."

"அதனால என் தலைய உருட்டின."

"எனக்கு ஓய்வுக்கு மூணு வருஷம்தான் இருக்கு, மார்லிஸ்."

"எனக்கு எத்தன வருஷம் இருந்துச்சுன்னு கேட்டியா?"

அவன் மீதிப் பன்னைக் காகிதத்தில் சுற்றி வைத்தான். பிறகு அவன் சொன்னான்: "உன் சீட்டு மூணும் இருக்கு. கிழிக்கல."

"ஏன்?"

"தெரியல."

"ஜூன் மாசப் பள்ளிக் குழுக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் கேப்பேன். நீ அங்க இருப்ப. வாய மூடிக்கிட்டு உக்காந்தா, உன் பேரச் சொல்லித்தான் கேப்பேன்."

அவன் எழுந்து காரின் பின்கதவைச் சாத்தினான்.

வீட்டுக்கு வந்ததும் வெர்லினை மேசையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "நீயும் அப்படித்தான் நெனச்ச," என்றாள். "நெனச்சேன். தப்பு," என்றான் அவன். அவள் அவனை மன்னிக்க இன்னும் சில வாரம் பிடித்தது.

ஜூன் மாதம் பள்ளிக் குழுக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் தருவார்கள். மார்லிஸ் இரண்டு நிமிடத்தில் முடித்தாள். மூன்று சீட்டுகளின் தேதிகளைச் சொன்னாள். அவை எங்கே இருக்கின்றன என்று அங்கே இருக்கும் ஒருவரைக் கேளுங்கள் என்றாள். அறை முழுவதும் திரும்பியது. ராய்ஸ் மெல்ல எழுந்து, "என் மேசையில இருக்கு," என்றான். அதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. அதுவே போதுமாயிருந்தது.

அறிக்கையிலிருந்து அந்த வரியை நீக்கினார்கள். மன்னிப்புக் கேட்கவில்லை, பழைய வேலைக்குத் திரும்பலாம் என்று ஒரு கடிதம் மட்டும் வந்தது. மார்லிஸ் அதன் பின்பக்கத்தில் 'வேண்டாம்' என்று எழுதி அனுப்பிவிட்டு, ஆகஸ்டில் அடுத்த வட்டாரத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் காலை, பேருந்தின் ஆறு சக்கரங்களையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அங்கிருந்த மேலாளரிடம் நேராகப் போனாள்.

"பின்னாடி இடது உள்சக்கரம் தேஞ்சிருக்கு. மாத்துற வரைக்கும் வண்டிய எடுக்க மாட்டேன்," என்றாள். எவ்வளவு சத்தமாகச் சொன்னாளென்றால், பணிமனையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.