ஒரு டிரா போதும்

என் மாமனார் தன் மகளை எனக்குக் கட்டிக்கொடுக்கும் முன் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. எந்த ஃபுட்பால் டீம் என்று கேட்டார். சிவப்பு என்றேன். அப்போது சிவப்பு டீம் கடைசி டிவிஷனில் நாறிக்கொண்டிருந்தது. "பாவம், பொழச்சுப் போங்க மாப்பிள்ளை" என்று சிரித்தார். அவருடைய பச்சை டீம் அன்றைக்குக் கோப்பையும் கையுமாக அலைந்தது.

பிறகு எங்கள் டீமை ஒரு சிமெண்டு முதலாளி வாங்கினார். மளமளவென்று மேலே ஏறினோம். பச்சைக்காரர்கள் ஒரேயடியாக விழவில்லை. முதலில் கோல் போடுகிறவனை விற்றார்கள். அப்புறம் கோல் கீப்பரை. சட்டையை மாற்றுவது போலப் பயிற்சியாளரை மாற்றினார்கள். கடைசியில் ரசிகர்களே, ஜெயிக்க வேண்டாம், மானத்தோடு தோற்றால் போதும் என்று பேச ஆரம்பித்தார்கள். ஒரு டீம் செத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு வேறு அடையாளம் வேண்டாம். என் மாமனார் மட்டும் அப்படிப் பேசவில்லை. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த மனிதர், எந்த வண்டியையும் இனி ஓடாது என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சீசனின் கடைசி ஆட்டம். எங்களுக்கும் அவர்களுக்கும்தான். பச்சை ஜெயித்தால்தான் முதல் டிவிஷனில் தங்கும். எங்களுக்கு ஒரு டிரா போதும், கோப்பை வந்துவிடும். அவர் வீட்டு டிவியில் பார்த்தோம். நான் சிவப்பு ஜெர்சி, அவர் வெளுத்துப்போன பச்சை. என் மனைவி எங்கள் இருவரையும் பொதுவாக முறைத்தபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் குடிக்க எழுந்தவர் சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பச்சை கோல் போட்டது. அவ்வளவுதான், அந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன் என்றுவிட்டார். நகர்ந்தால் ராசி போய்விடுமாம். சிரிக்காதீர்கள், எந்த ரசிகனும் அதைத்தான் செய்வான். இடைவேளையிலும் நின்றுகொண்டே இருந்தார்.

இரண்டாம் பாதியில் அவருக்கு முகமெல்லாம் வேர்த்தது. இடது கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்பா, உக்காருங்களேன். மூஞ்சியே சரியில்ல."

"கொஞ்ச நேரம்தான்மா. முடிஞ்சிடும்."

"ஏங்க, நீங்களாவது சொல்லுங்க."

"வாங்க மாமா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். கார் வாசல்லதான் நிக்குது."

"உங்காளுங்க கோல் போடணும்னு என்னைக் கிளப்புறீங்களா?" என்று கண்ணடித்தார். உதடு வெளிறியிருந்தது. நான் டிவியை அணைத்தேன். திட்ட வாயெடுத்தவர் நிலையைப் பிடித்தபடியே சரிந்தார்.

காரின் பின்சீட்டில், மகள் மடியில் அவர் தலை. பாலத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. ரேடியோவைப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் போடவில்லை. என் டீம் தோற்கட்டும் என்று வாழ்க்கையில் முதல் முறையாக வேண்டிக்கொண்டே ஓட்டினேன்.

பாலத்தை நெருங்கும்போது எல்லா வீடுகளிலிருந்தும் ஒரே நேரத்தில் கூச்சல் கிளம்பியது. அது எங்கள் கூச்சல். பாலத்தில் ஏறியதும் பட்டாசு வெடித்தார்கள். ஆட்டம் முடிந்துவிட்டது. டிரா. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சிவப்புச் சட்டைகள் இறங்கி ஆட, கார் நின்றுபோனது.

ஹாரனை அழுத்தினேன். நானும் கொண்டாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு மற்ற வண்டிக்காரர்களும் அழுத்தினார்கள். இறங்கிக் கத்தினேன்.

"வழி விடுங்கய்யா! உள்ள உயிர் போகுது!"

என் ஜெர்சியைப் பார்த்து ஒருவன் கட்டிப்பிடித்தான். இன்னொருவன் என் தோளில் கொடியைப் போர்த்தினான். நான் சொன்னது ஒருவர் காதிலும் விழவில்லை. அத்தனை பேரையும் ஆற்றில் தள்ளிவிட வேண்டும் போல் ஆத்திரம் வந்தது. இவர்களோடு சேர்ந்து எத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்.

திமிறிக்கொண்டு திரும்பினால், காரின் பின் ஜன்னலில் ஒரு பருத்த ஆள் குனிந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் சிவப்புச் சாயம். மாமனாரின் பச்சைச் சட்டையைப் பார்த்தார், கண்ணை மூடிக் கிடந்ததையும் பார்த்தார். நல்ல மனிதர்தான், கேலி செய்யவில்லை. கையை உள்ளே விட்டு மாமனாரின் கன்னத்தில் தட்டினார்.

"மனசை விட்டுடாதீங்க பெரியவரே. அடுத்த வருஷம் மேல வந்துடுவீங்க."

என் மனைவி அந்தக் கையை எடுத்து வெளியே விட்டாள். பிறகு தன் அப்பாவின் திறந்திருந்த வாயை மூடினாள்.