ஆத்தாவின் போர்வை

வன்னியம்பட்டியில் கருத்தப்பாண்டி வீட்டுக் கொல்லைக்குப் பகலிலேயே விளக்கு வேண்டும். மூன்று மாமரமும் ஒரு வேப்பமரமும் அடைத்துக்கொண்டு, உச்சிவெயிலைக்கூட உள்ளே விடாது. ஒரு கிளையை வெட்டச் சொன்னால் கருத்தப்பாண்டி தன் கையையே வெட்டச் சொன்னதுபோல் பதறுவான். அவன் பெண்டாட்டி பரிபூரணம் வைத்த மல்லிகை பூக்காமலே கிழடு தட்டியது; செவந்தி சோகை பிடித்துச் செத்தது. நல்ல நாளில் தலைக்குப் பூ வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக் குருவம்மாளிடம் போய் நிற்க வேண்டும். குருவம்மாள் பூவும் கொடுப்பாள், கூடவே ஒரு சொல்லும் கொடுப்பாள். "ஒன் கொல்லையில பாசிதான்ட்டி பூக்கும்." அந்தப் பூ கொண்டையில் இருக்கிறவரைக்கும் பரிபூரணத்துக்கு நெஞ்சு எரியும்.

சீமையில் மகாராணி செத்த வருஷம், செண்பகத்தோப்பு மலைக்குச் சாமி கும்பிடப் போனவள், வெயில் எட்டாத மரக்கூட்டத்துக்குள் ஊதா நிறத்தில் குட்டிச் செவந்திகளைக் கண்டாள். சாமியை மறந்துவிட்டு இரண்டு செடியை மண்ணோடு பெயர்த்து, தேக்கிலையில் சுற்றிக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் வைத்தாள்.

செடி சுணங்கியது. சாணி வைத்தாள், இன்னும் சுணங்கியது. அப்புறம் அவளே காய்ச்சலில் படுத்துவிட்டாள். கொல்லையைக் கூட்ட ஆளில்லை. விளக்குமாற்றில் பிடி எந்தப் பக்கம் என்று கருத்தப்பாண்டிக்குத் தெரியாது. அவள் எழுந்து வந்து பார்த்தால், மக்கிய சருகுக்குள்ளிருந்து செடி தளிர் விட்டு நின்றது. மலையிலும் சருகு மெத்தையாகக் கிடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்றோடு அந்த இடத்தைக் கூட்டுவதை விட்டாள். சோம்பேறி என்று தெரு பேசியது. அடுத்த கார்த்திகையில் செடி பூத்தது.

அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்த குருவம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். பரிபூரணம் கெட்டிக்காரி என்று ஒத்துக்கொள்வதைவிட, ஆத்தா வந்து இறங்கிவிட்டாள் என்று சொல்வது அவளுக்கு லேசாக இருந்தது. வெள்ளிக்கிழமை தெருவே கொல்லைக்குள் கூடியது. ஆத்தா இருக்கும் இடத்தில் குப்பையா என்று குருவம்மாள் சருகையெல்லாம் வழித்துக் கூட்டினாள். சாணம் மெழுகி, செடியின் தலையில் பாலும் மஞ்சள்தண்ணீரும் ஊற்றினாள். தடுக்கப் போன பரிபூரணத்தைக் கருத்தப்பாண்டியே பிடித்து இழுத்தான்.

"சாமி காரியத்துல குறுக்க போகாத ஏட்டி."

அடுத்த வெள்ளிக்குள் ஒரு செடி அழுகிப்போனது. மற்றது தலை தொங்கியது. பெற்ற பிள்ளைக்குச் சீக்கு வந்ததுபோல் பரிபூரணம் தவித்தாள். இதுவும் போனால் மறுபடி குருவம்மாள் வாசல்தான். மனுஷி சொன்னால் கேட்காத ஊர், யார் சொன்னால் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வெள்ளியும் தெரு கூடியது. குருவம்மாள் பால்செம்பைச் சாய்க்கப் போன நேரம், பரிபூரணம் கொண்டையை அவிழ்த்துவிட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு ஆடினாள்.

"எம் போர்வைய உருவுனது ஆரு?"

குருவம்மாள் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். "எந்தப் போர்வை தாயி?"

"சருகுதான்ட்டி எம் போர்வை. வெளக்கமாத்தோட இங்கிட்டு ஒருத்தியும் வரப்படாது. சாணி மெழுகுனா மூச்சு முட்டுது. பாலும் மஞ்சத்தண்ணியும் எனக்கு ஒத்துக்கிடாது. வாரவ ஆளுக்கொரு கூடை சருகு கொண்டாந்து போடணும். பூ அம்புட்டும் இந்த வீட்டுக்காரிக்கு."

இத்தனை விவரமாகப் பேசும் ஆத்தாவைக் கருத்தப்பாண்டி கண்டதில்லை. கும்பிட்டுக் குனிந்திருந்தவன் மெல்லத் தலையைத் தூக்கினான்.

"ஏலே, அங்க என்ன பார்வ?"

அவன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். தாலி கட்டின நாளிலிருந்து அவன் பேரைக்கூடச் சொல்லாதவளுக்கு, அந்த ஏலே வாயெல்லாம் இனித்தது. இன்னொரு தடவை சொல்லிவிட்டுத்தான் ஆத்தா மலையேறினாள்.

தை பிறக்குமுன் செடி நிமிர்ந்து, பக்கத்தில் கன்றுகளும் வெடித்துப் பூத்தன. குருவம்மாள் கூடைச் சருகைக் கொட்டிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, நகராமல் நின்றாள்.

"ஏட்டி, ஆத்தா கோவிச்சுக்கிடாம எனக்கு ஒரு பூ தருவியா?"

பரிபூரணம் ஒன்றைக் கிள்ளி அவள் கொண்டையில் தானே செருகிவிட்டாள். கூடவே ஒரு சொல்லும் கொடுத்தாள்.

"ஒங்க கொல்லையில இது வராது மதினி. வெயிலு ரொம்ப."