மடிப்புக்குள் இருந்த வாய்

படம் வரையும் பட்டறையில் மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தபோது, படங்களில் துணி வரைகிற துணிக்காரி மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு அவசர அவசரமாகச் சாப்பிட்டாள். மூன்று மாதமாக இப்படித்தான். ஒருநாள் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது பக்கமாக வழிந்தது. மத்தியானத்துக்குள் பாதி முகம் இறங்கிவிட்டது. நரம்பு சமாசாரம், போகப் போகச் சரியாகும், கொஞ்சம் மிச்சம் நின்றாலும் நிற்கும் என்றார் டாக்டர். கண் சரியாகிவிட்டது. வாய்தான் மிச்சம் நின்றது. வீட்டுக் கண்ணாடியை அவள் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். "நல்லாத்தானே இருக்கு" என்று ஒரே ஒரு முறை சொன்னான் அவள் கணவன். ஊருக்கெல்லாம் முகம் வரைந்து கொடுக்கிறவனுக்கு, பொய் சொல்லும்போது தன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து அவனுக்கு முன்னாலும் மாஸ்க்தான். இன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டே, "இந்த ஆர்டரோட நான் நின்னுக்கறேன். வீட்லயே இருந்துடறேன்" என்றாள். வீட்டில் இருப்பதென்றால் எப்படி இருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு இருப்பாள்.

அந்தப் பட்டறையில் ஒரு படத்தை ஒருவரே வரைவது கிடையாது. உலகமே கொண்டாடும் படங்களைப் பார்த்து ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரி வரவேற்பறைகளுக்கும் டஜன் கணக்கில் வரைகிற இடம் அது. அச்சுப் படத்தைக் கத்தரிக்கோலால் துண்டு போட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுவார் முதலாளி. வானத்துண்டு வானக்காரருக்கு, சால்வைத்துண்டு துணிக்காரிக்கு, முகத்துண்டு அவள் கணவன் முகக்காரனுக்கு. அவரவர் துண்டை அவரவர் மேஜையில் ஒட்டிவைத்துக்கொண்டு, அடுத்தவன் துண்டை எட்டிப் பார்க்காமல் வரைவார்கள். அதிகம் விற்பது, ஜன்னலோரம் மஞ்சள் சால்வையோடு நிற்கும் ஒரு பெண்ணின் படம். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு மேதை வரைந்தது. பட்டறையில் அவளுக்குப் பெயர் மகாராணி. ஒரு பெண்ணை முழுசாக நிறுத்த மூன்று பேர் வேண்டியிருக்கிறது, மகாராணி இல்லாமல் வேறென்ன என்பார் வானக்காரர்.

கை கழுவிவிட்டு வருவதற்குள் முதலாளி உள்ளே வந்தார். பின்னால் இரண்டு பேர் மகாராணிகளைச் சுமந்து வந்து சுவரோரம் அடுக்கினார்கள். முப்பது.

"ஓட்டல்காரன் திருப்பி அனுப்பிட்டான்பா. ஒரிஜினல்ல வாய் மூடியிருக்காம். நம்மாளு ஏதோ பேச வர்றாளாம். அறைக்கு அறை இப்படி ஒருத்தி பேச வந்தா, தங்க வர்றவன் எப்படித் தூங்குவான்னு கேக்கறான்."

கையோடு புது அச்சும் கொண்டுவந்திருந்தார். வெட்டாத முழுப் படம். அதில் மகாராணியின் உதடுகள் பூட்டுப் போட்டதுபோல் மூடியிருந்தன. வானக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "பதினோரு வருஷமா ஊர் ஊருக்கு இவ வாயைத் திறந்து அனுப்பியிருக்கான் பாரு!"

"சிரிச்சது போதும். எல்லார் வாயையும் மூடுங்க. சனிக்கிழமைக்குள்ள" என்றார் முதலாளி. யார் வாயைச் சொன்னார் என்று புரியாமல் வானக்காரர் தன் வாயையும் மூடிக்கொண்டார்.

துணிக்காரி மட்டும் சிரிக்கவில்லை. புது அச்சை நின்று பார்த்தாள். பிறகு கணவனின் மேஜைக்குப் போய், பழுப்பேறிய முகத்துண்டின் மேல் குனிந்தாள். பதினோரு வருஷத்தில் அதை அவள் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. அந்த அச்சு வந்தபோதே நாலாக மடித்து வந்தது. மடிப்பு நேராக உதட்டின் மேல் விழுந்து, காகிதம் ஒட்டி உரிந்து, மூக்குக்குக் கீழே வெள்ளையாக ஒரு பட்டைதான் இருந்தது.

"இதுல வாயே இல்லையே" என்றாள்.

அவன் தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, அப்ப இது யார் வாய்?"

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் விழித்தான். வானக்காரர் காதைத் தீட்டிக்கொள்வது தெரிந்தது. "நீ வேலைக்குச் சேர்ந்த வாரம்" என்றான் மெதுவாக. "இங்க வந்து நின்ன. என்னமோ கேக்க வாயெடுத்த. கேக்காமயே போயிட்ட. அது... நின்னுடுச்சு."

"பதினோரு வருஷமா ஏன் சொல்லல?"

"நாமதான் கல்யாணம் பண்ணிக்கிட்டோமே. அப்புறம் என்னத்தச் சொல்றது?"

"சாயம் துடைக்க டர்பன்டைன் எங்க இருக்குன்னு கேக்க வந்தேன்" என்றாள்.

மூன்று நாள் அவன் வாய்களை மூடினான். இடது ஓரம், வலது ஓரம், நடுவில் ஒரு கோடு. ஒவ்வொரு முறையும் மனசு கேட்கவில்லை. அவளை அவளே மூடிக்கொண்டது போதாதென்று தானும் சேர்ந்து மூடுகிறோமே என்றிருந்தது. அவள் தன் இடத்தில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மதியம் முப்பதும் வண்டியேறின. மிஞ்சியது ஒன்று. அனுப்பும்போது எதுவாவது கிழிந்தால் உதவட்டும் என்று எப்போதும் ஒன்று கூடுதலாக வரைவார்கள். இந்த முறை அதைத் தள்ளிப்போட்டு, முதலாளி முப்பதையும் திருப்பிக் கொண்டுவந்த புதன்கிழமை காலையில்தான் முடித்திருந்தார்கள்; அது வாய் திறந்தபடியே நின்றது. சாயம் இன்னும் காயவில்லை. மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். துணிக்காரி போகவில்லை. கந்தலை டர்பன்டைனில் நனைத்து, மகாராணியின் வாயை அழுந்தத் துடைத்தாள். மூக்குக்குக் கீழே பழைய அச்சுபோலவே வெறும் பட்டை.

"ஐயையோ, என்ன பண்ற?" என்று எழுந்து வந்தான் அவள் கணவன்.

அவள் ஸ்டூலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, எல்லோரும் இருந்த பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வானக்காரரின் கவளம் பாதி வழியில் நின்றது.

"இப்ப இருக்கறதைப் பாத்துப் போடுங்க. நல்லாத்தானே இருக்குன்னு சொல்லாதீங்க."

அவன் தூரிகையை எடுத்தான். வலது ஓரம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு, கண்ணை மூடிக்கொண்டே போடுவான். இடது ஓரம் கீழே இறங்கி, வெளிச்சத்தில் லேசாக ஈரமாக இருந்தது. அவள் என்னமோ கேட்க வாயெடுத்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. வரைங்க."

அவன் தூரிகையை இடது ஓரத்தில் வைத்தான்.