ஏழாக மடித்த கயிறு

மூங்கிலின் நீளத்துக்குப் பிடித்த கயிற்றை ஏழாக மடித்துக்கொண்டிருந்தான் மாசிலாமணி. பாடைக்குக் குறுக்குக் குச்சிகள் ஆறு. ஆறு குச்சிக்கு ஏழு இடைவெளி. கணக்கு டீச்சர் தேவகியின் வகுப்பில் பாதிப் பேர் இதை ஆறால் வகுத்துவிட்டு முழிப்பார்கள். இவன் மடித்தான், நுனிகளைச் சேர்த்துப் பார்த்தான், மூங்கிலில் கரியால் கோடு போட்டான்.

உள்ளே பெஞ்சில் கிடந்தவர் அவளுடைய அப்பா, ஏகாம்பரம் வாத்தியார். உத்திரமேரூர்ப் பக்கம் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். பத்தாம் வகுப்பில் அவரிடம் ஒரு பிள்ளைகூடத் தோற்றதில்லை என்று வந்தவர்களெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். தோற்கக்கூடியவர்களை ஒன்பதிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால் பத்தில் யார் தோற்பார்கள்? வருஷா வருஷம் போனது ஊர்க்கோடிக் குடிசைப் பிள்ளைகள்தான். தேவகியோடு படித்த மாசிலாமணியும் அப்படித்தான் போனான்.

தேவகியும் அப்பாவைப் போலவே டீச்சரானாள். அப்பா சொன்னபடியே ஆறு வருஷம், ஒன்பதோடு நிறுத்த வேண்டியவர்களின் பட்டியலை எழுதினாள். எம்.ஃபில். ஆராய்ச்சிக்காக, நின்றுபோன பிள்ளைகளைத் தேடிக் குடிசை குடிசையாக நடந்த பிறகுதான் கை கூசியது. "எத்தன பேர நிறுத்தனீங்கப்பா?" என்று கேட்டாள். அன்றோடு அவர் அவளிடம் பேச்சை விட்டார். இரண்டு வருஷம் கழித்து நேற்றுத்தான் வாய் திறந்தார்.

"மாசிலாமணி பொண்ணு நதியாவ பத்தாவதுக்கு ஏத்தாத. ரிசல்ட்டு பூடும்."

அதுதான் கடைசிப் பேச்சு. இந்த வருஷப் பட்டியலைத் திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டும்.

தேவகி வாசலுக்கு வந்தாள்.

"நதியா பத்தாவது எழுதட்டும் மாசிலாமணி. நான் பாத்துக்கறேன்."

அவன் முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை. "வேணாம் டீச்சர். எங்களுக்குக் கணக்கு வராது. ஐயாவே எனக்கு அப்ப சொல்லிக்கிறாரு."

"இப்ப மடிச்சுக் கோடு போட்டியே, அது இன்னா?"

"இதுவா? இது பாடை கட்றது."

எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறான். காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. செத்துப்போன மனிதர் மேல் அத்தனை கோபம், அவர் இனி இல்லையே என்ற துக்கமும் அதே அளவு. பெற்றவருக்காக அழுகிறாள் என்று அத்தை வந்து கட்டிக்கொண்டாள்.

பாடை போனது. பெண்கள் தெருமுனையோடு திரும்பினார்கள். திங்கட்கிழமை அந்தப் பட்டியல் தாளை வெறுமையாகக் கொடுத்துவிடலாம், திட்டு வாங்கிக்கொள்ளலாம். மாசிலாமணியின் மனதில் அப்பா எழுதிவிட்டுப் போனதை எதைக் கொண்டு அழிப்பது?

வாசலில் மாசிலாமணி அளந்த கயிறு கிடந்தது. வீடு கழுவிவிட வந்த பாஞ்சாலி அதைத் தூக்கி எறியப் போனாள். தேவகி கை நீட்டி வாங்கிக்கொண்டு, படியில் உட்கார்ந்து ஏழாக மடித்தாள். நுனி சேரவில்லை. பிரித்து, மறுபடி மடித்தாள்.