சிவப்பு வளையம்

ஜூன் முதல் திங்கட்கிழமை, பலகை மரத் தோட்டத்தின் ஏழாம் பிளாக்கில், ஒரு மரத்தின் நோய் அடுத்ததற்கு ஒட்டாமல் ரம்பம் துடைக்கக் கொடுத்துவந்த ஸ்பிரிட் நிறுத்தப்பட்டது. பதிலுக்கு ஒரு வாளி தண்ணீர் வந்தது.

சாயக்காரி வழக்கம்போல் முன்னால் போனாள். பட்டையைக் கத்தியால் கீறிப் பார்ப்பது அவள் வேலை. உள்ளே கருநீலக் கறை ஓடியிருந்தால் வாடல் நோய்; மரத்துக்குச் சிவப்புச் சாயத்தில் வளையம் போடவேண்டும். கிளை கழிக்க ரம்பத்தோடு பின்னால் வருகிறவர்கள் அந்த மரத்தைத் தொடமாட்டார்கள். அவர்களில் ஒருவன் அவள் புருஷன்.

"எல்லாத்துக்கும் பொட்டு வச்சுட்டுப் போறியே, எனக்கு ஒண்ணு ரெண்டு மிச்சம் வை!"

"வேலையப் பாருங்க."

மேஸ்திரி அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "பாதிக்கு மேல செவப்பு விழுந்தா பிளாக்கையே மொட்டையடிச்சிருவாங்கம்மா. அப்புறம் கிளை கழிக்க ஆள் எதுக்கு? தோட்டம் குடுத்த வீட்டையும் காலி பண்ணச் சொல்லுவாங்க. பாத்துப் போடு."

அவர் போனதும் அடுத்த மரத்தைக் கீறினாள். கறை. திரும்பிப் பார்த்தாள். ஈர மண்ணை ஒரு பிடி அள்ளிக் கீறலில் அப்பிவிட்டு நகர்ந்தாள். அப்புறம் இன்னொன்று. சாய டப்பாவை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தாள். பின்னால் புருஷனின் ரம்பம் அந்த மரங்களிலும் ஏறி இறங்கும் சத்தம் கேட்டது.

மழை ஓய்ந்தபின் மறுபடி போனபோது உச்சி இலைகள் தொங்கிக் கிடந்தன. அங்கொன்று இங்கொன்றாக இல்லை. அவள் மண் அப்பிய மரத்தில் தொடங்கி, அவன் நடந்த வழியே வரிசையாகப் போய், அவன் டீ குடிக்க உட்கார்ந்த வளைவில் திரும்பி, வாடல் அடுத்த சரிவுக்கு இறங்கியிருந்தது.

"ரம்பத்த நனைக்கலையா நீங்க?"

"நனைச்சேனே. தண்ணிதான குடுத்தாங்க?" என்றான். "செவப்பு போட்டது ஒண்ணையும் நான் தொடலடி."



ஜீப்பில் வந்த அதிகாரி இறங்கவில்லை. கருவிகளைக் கையாள்வதில் தொழிலாளர்கள் காட்டிய கவனக்குறைவால் நோய் பரவியது என்றார். பிளாக் முழுவதும் வெட்டப்படும் என்றார்.

"சார், அந்த ஸ்பிரிட்டு..." என்று அவள் புருஷன் ஆரம்பித்தான்.

"அதெல்லாம் இப்ப எதுக்குய்யா?" என்றார் மேஸ்திரி. ஜீப் கிளம்பிவிட்டது.

சாயக்காரிக்கு மட்டும் கடைசியாக ஒரு வேலை இருந்தது. நல்ல மரம், கெட்ட மரம் என்று பாராமல் எல்லாவற்றுக்கும் வளையம் போட்டாள். முடித்து டப்பாவை நீட்டியபோது மேஸ்திரி வாங்கிக்கொள்ளவில்லை.

"மிச்சம் இருக்குல்ல? இடிக்கிற வீட்டுக் கதவுக்கும் ஒண்ணு ஒண்ணு போட்டுரும்மா."

ஓரத்து வீட்டிலிருந்து தொடங்கினாள். நாலாவது அவளுடையது. தாழ்ப்பாள் போன கதவு, தூரிகை பட்டதும் ஆடியது. பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த புருஷன் எழுந்து வந்து, அது ஆடாமல் உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டான்.